உறையாமல் போன அரை நாள்

தலையில் அடிபட்டவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள். இல்லாதவர்கள் வேறு வேலை இருந்தால் பாருங்கள். எனக்கு நடந்து எட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி டாக்சிக்காரர் படியில் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். அவர் பெண்சாதி என்னிடம் ஓடி வந்து, "அக்கா, ஒங்களுக்கும் இப்படித்தானே ஆச்சி, அவருக்கு எல்லாம் ஞாபகம் திரும்பி வந்துருமா?" என்று கேட்டாள். வரும் என்று சொல்லி அனுப்பினேன். பாதி பொய். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எழுதத் துணிந்ததற்கு இன்னொரு காரணம், என் நாத்தனார் மல்லிகாவுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டினால் அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அப்போது நாங்கள் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம், பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. நானும் என் வீட்டுக்காரர் சுப்பையாவும். எங்கள் இருவர் மர நிரையும் பக்கத்துப் பக்கத்தில். அவர் தன் மரங்களை முடித்துவிட்டு என் நிரைக்கு வந்து மங்குகளில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிக் கொடுப்பார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று அப்போது ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னேனா என்றால் இல்லை.

எங்களுக்குள் சண்டை வரும். வராத வீடு ஏது? ஆனால் சமாதானம் எப்போதும் ஒரே மாதிரிதான். பாலை எடை போட்டு முடிந்ததும் பால் ஸ்டோர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஒரு வெற்றிலை மடிப்பார். காம்பைக் கிள்ளி, பாக்கு வைத்து, மூன்று மூலையாக மடித்து, ஒரு கிராம்பைக் குத்தி, என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவார். நான் வாங்கிக்கொண்டால் சண்டை முடிந்தது. மன்னிப்பு, கெஞ்சல் எதுவும் கிடையாது. சுண்ணாம்பு மட்டும் பட்டும் படாமல் தடவுவார், எனக்கு நாக்கு வெந்துவிடுமாம். அதனால் என் வாய் ஒரு நாளும் ஒழுங்காகச் சிவந்ததில்லை. அதைச் சொல்லியே அவரைக் கேலி செய்வேன்.

மல்லிகா அவருடைய ஒரே தங்கை. ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளை இல்லை என்று இரண்டு வருஷத்தில் புருஷன் விரட்டிவிட்டான். ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தவள் எட்டு மாதமாக எங்களோடுதான் இருந்தாள். ஒரே அறை வீடு. நடுவில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், ஈப்போவுக்குப் போய் ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். சரி என்றேன். மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அங்கேதான் ஆரம்பித்தது.

அன்றைக்கு விடியற்காலையில் அடுப்பு பற்றவைக்கும்போதே நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"வாழாவெட்டிய வீட்டுல வெச்சிகிட்டு நான் எந்தக் காலத்துல நிம்மதியா இருக்கிறது? ஈப்போவுக்கு ஒன்னு அவ வரணும், இல்ல நான் வரணும்."

"மெதுவாப் பேசு தனம். அவ எங்க போவா சொல்லு? பெரட்டுக்கு நேரமாச்சி, வா."

"பேசாம இருந்து இருந்துதான் இப்படி ஆச்சி. நீ செத்துத் தொலைஞ்சாதான் எனக்கு நிம்மதி!"

அவர் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டார். உளிக்கத்தியை எடுத்தார். வாசலில் குனிந்து வெளியே போனார். அவருடைய முதுகு தெரிந்தது, பனியனில் இடது தோள் பக்கம் ஒரு கிழிசல். துணிக்கு அந்தப் பக்கம் மல்லிகா புரண்டு படுத்த சத்தம் கேட்டது. அடுப்பிலிருந்து மண்ணெண்ணெய் வாடை.

அவ்வளவுதான். இதற்குப் பிறகு எனக்கு நினைவில் இருப்பது ஈப்போ ஆஸ்பத்திரியின் மேல்கூரையில் சுற்றிய காற்றாடி.

நடுவில் நடந்தது எல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு நான் பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போயிருக்கிறேன், மரம் வெட்டியிருக்கிறேன், பால் எடுத்து எடை போட்டிருக்கிறேன். மத்தியானம் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பீடோர் பாசாருக்குக் கிளம்பியிருக்கிறேன். தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேருகிற முனையில் மரக்கட்டை ஏற்றி வந்த லாரி எங்களை அடித்தது. அவர் அங்கேயே போய்விட்டார். நான் பறந்து போய்க் கால்வாய்க் கட்டையில் விழுந்தேன். பீடோரில் கட்டுப் போட்டு, ஆம்புலன்சில் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அதற்குள் ஒரு தடவை வலிப்பும் வந்திருக்கிறது. மொட்டை அடித்து, எக்ஸ்ரே எடுத்து, மண்டையோட்டில் காதுக்கு மேலே ஒரு விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மூளை கன்றிப்போயிருக்கிறது என்றார்கள். அடிபட்ட இடத்தில் நமக்குத் தோல் நீலம் பாரித்துக் கன்றுகிறது இல்லையா, அதேதான், உள்ளே. மணிக்கு ஒரு தரம் மிஸ்ஸி (நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து கண் இமையைப் பிதுக்கி டார்ச் அடித்துப் பார்ப்பாள். கருமணி இரண்டும் ஒரே அளவில் சுருங்குகிறதா என்று பார்க்கிறார்களாம். ஒன்று சுருங்காமல் நின்றால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். எனக்குக் கட்டவில்லை. அதிர்ஷ்டக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். என்ன அதிர்ஷ்டமோ!

கண் திறந்த பிறகு ஒரு பத்து நாள் இருக்கிறதே, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் பேசினேன், கஞ்சி குடித்தேன், ஆட்களை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பார்த்தவர்கள் தேறிவிட்டாள் என்று நினைத்தார்கள். ஆனால் எதுவும் உள்ளே தங்கவில்லை. காலையில் வந்து கட்டுப் போட்ட டிரெசரை மத்தியானம் யார் என்று கேட்பேன். இதற்கு டாக்டர்கள் ஒரு நீளமான பேர் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், விழித்திருக்கிறாய், ஆனால் பதிகிற இடம் இன்னும் விழிக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் மல்லிகாதான் பக்கத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த ஒரு கிறிஸ்துவத் தமிழ்க்காரி, பேர் திரேசா, அவளைத் தன் வீட்டு அடுப்படியில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். விடிந்ததும் மல்லிகா பிளாஸ்கில் மைலோவோடு வந்துவிடுவாள். முதல் நாள் நான் கேட்டிருக்கிறேன், "ஒங்கண்ணன் எங்க?" என்று. அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நான் வார்டே அதிரும்படி அழுதிருக்கிறேன். மத்தியானம் மறுபடி கேட்டிருக்கிறேன், "ஒங்கண்ணன் எங்க?" மறுபடி சொல்லியிருக்கிறாள். மறுபடி அதே அழுகை, அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல. ஐந்து தடவை. ஐந்து தடவை என் புருஷன் எனக்குப் புதிதாகச் செத்திருக்கிறார், ஐந்தில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

ஆறாவது தடவை மல்லிகா, "வேலைக்குப் போயிருக்காரு அண்ணி, நாளைக்கி வருவாரு" என்று சொல்லிவிட்டாள். நான், "சரி, வரும்போது கைலி கொண்டாரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேனாம். அன்றிலிருந்து அதையே சொல்லியிருக்கிறாள். தன் கூடப்பிறந்த அண்ணனைப் புதைத்துவிட்டு வந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அவன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். இதையெல்லாம் பிறகு திரேசாதான் எனக்குச் சொன்னாள். மல்லிகா வாய் திறக்கவில்லை.

என்னைப் பார்த்த டாக்டர் தேவசகாயம் முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டக் கிராணியின் மகன். கிராணி மகன் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை. எங்கள் பாலை எடை போட்டுக் கணக்கு எழுதிய கிராணிகளை எனக்குத் தெரியும். ஆனால் இவர் தமிழில் பேசினார், நின்றுகொண்டு பேசாமல் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசினார். தினமும் மூன்று பொருள் பேர் சொல்வார். "குடை, சாவி, வாழைப்பழம். திருப்பிச் சொல்லுங்கக்கா." சொல்வேன். கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டு, "நான் என்ன மூணு சாமான் சொன்னேன்?" என்பார். "எப்ப சொன்னீங்க?" என்பேனாம். அப்புறம் ஒரு நாள் ஒன்று சொன்னேன். அப்புறம் இரண்டு. பிறகு ஒரு காலையில், அவர் கேட்பதற்கு முன்பே, "குடை, சாவி, வாழைப்பழம், நேத்து நீங்க சொன்னது" என்று நானே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேருமாக உட்கார்ந்து என்னிடம் சொன்னார்கள். இனிமேல் சொன்னால் தங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வாழைப்பழத்தைச் சரியாக ஞாபகம் வைத்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு, என் புருஷன் செத்துப்போன சேதி. அது தங்கியது. மிஸ்ஸி போட்டிருந்த வெள்ளை ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது வரை தங்கியது.

காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவருடைய பெரியப்பா மகன் நின்று எல்லாம் செய்தானாம். தாலியைக்கூட ஆஸ்பத்திரியில் கழற்றி வைத்திருந்தார்கள். அழுவதற்குக்கூட எனக்கென்று ஒரு வேளை மிச்சம் இல்லாமல் எல்லாம் முடித்து வைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது எது? தலைக்குள் தேடினால் அங்கே ஒன்றுதான் இருந்தது. நீ செத்துத் தொலைஞ்சாதான் எனக்கு நிம்மதி. அதற்குப் பிறகு அரை நாள் நாங்கள் சேர்ந்து இருந்திருக்கிறோம். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். அப்படியானால் சமாதானம் ஆகியிருக்குமா? இல்லை, பாசாருக்குப் போக வேண்டுமே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேனா? எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டாம். வெற்றிலை வாங்கினேனா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும்.

மல்லிகாவிடம் கேட்டேன். "அன்னைக்கி காலைல நான் பேசுனது ஒனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல அண்ணி. நான் நல்லாத் தூங்கிட்டேன்."

பொய் சொல்லவும் தெரியாதவள். மூடியிருந்த பிளாஸ்கை மறுபடி மூடினாள். அவள் இப்படி எனக்குச் செய்யச் செய்ய எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மொட்டைத் தலையில் எண்ணெய் வைப்பாள், காலைப் பிடித்துவிடுவாள், பெட்பான் எடுப்பாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "போடி, ஒன் வேலையப் பாரு" என்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். கீழே கிடந்த சோற்றைப் பொறுக்கிவிட்டு, "இன்னைக்கி கொழம்புல உப்பு கூடிப்போச்சி லா அண்ணி, எனக்கும் பிடிக்கல" என்றாள்.

தோட்டத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் கேட்டேன். எதிர்வீட்டுப் பச்சையம்மா அக்கா, "ரெண்டு பேரும் சிரிச்சிகிட்டே போனீங்க லா! நான்தான் பாத்தேனே. செவப்புச் சட்ட போட்டுகிட்டு மாப்பிள்ள மாதிரி இருந்தாரு" என்றாள். கங்காணி வேறு மாதிரி சொன்னார். "வண்டில பின்னால உக்காந்து ஏதோ திட்டிகிட்டே போன, தனம்" என்றார். பச்சையம்மா அக்கா அவரை முறைத்தாள். உடனே அவர், "சும்மா வெளையாட்டுக்குத் திட்டுறதுதான்" என்று மாற்றிக்கொண்டார். நான் எந்தப் பதிலைக் கேட்க ஆசைப்படுகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாருடைய பேச்சையும் நம்ப முடியவில்லை.

ஆனால் சிவப்புச் சட்டை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு நாளில் அது அசைய ஆரம்பித்தது. ஒரு காலையில் கண் விழித்தபோது தெளிவாகத் தெரிந்தது. முன்னால் சிவப்புச் சட்டை, காற்றில் உப்பிப் புடைத்து நிற்கிறது. அவர் தலையைத் திருப்பிச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் வந்ததும் கத்தினேன்.

"டாக்டரையா, ஞாபகம் வந்துருச்சி! சிரிச்சிகிட்டுத்தான் போனோம். செவப்புச் சட்ட போட்டிருந்தாரு."

மைலோ ஊற்றிக்கொண்டிருந்த மல்லிகாவின் வாயிலிருந்து யோசிக்காமல் வந்துவிட்டது.

"செவப்புச் சட்ட அன்னைக்கி தோச்சிக் கொடில கெடந்துச்சே அண்ணி. அண்ணன் நீலம்தான் போட்டிருந்துச்சி. அத வெட்டித்தானே எடுத்தாங்க."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அன்றைக்கு மட்டும் உண்மை அவளை முந்திக்கொண்டது. நான் தலையணையைத் தூக்கி அவள்மேல் எறிந்தேன்.

டாக்டர் முக்காலியை இழுத்தார்.

"அக்கா, அந்தச் சட்டையப் பத்தி ஒங்ககிட்ட யாரு சொன்னது?"

"பச்சையம்மா அக்கா."

"அவங்க சொன்னதத்தான் நீங்க பாத்திருக்கீங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. மூளை அப்படித்தான், கேட்டத வெச்சிப் படம் போட்டுக்கும்."

"அப்ப நெசம் எப்ப வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு சொன்னதை, எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நாம் ஒன்றைப் பார்த்ததும் கேட்டதும், அந்தச் சேதி மூளை நரம்புகளில் மின்சாரமாகவும் ரசாயனமாகவும் ஓடுகிறது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான். நிலைத்து நிற்க வேண்டும் என்றால், சேதி நரம்பு அணுவின் உள்ளே போக வேண்டும். அந்த அணு புதிதாகப் புரதம் செய்ய வேண்டும். அந்தப் புரதம் போய், ஒரு நரம்பும் இன்னொரு நரம்பும் சந்திக்கிற இடத்தைக் கெட்டிப்படுத்த வேண்டும். அப்புறம்தான் அது நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும்.

"புரதம்னா முட்டைல பருப்புல இருக்குன்னு சொல்வாங்களே, அதா?"

"அந்தச் சாதிதான். ஆனா இது தின்னு வர்றதில்ல. ஒவ்வொரு அணுவும் தனக்கு வேணும்கிறத உள்ளயே செஞ்சிக்கும். எலிக்கும் மீனுக்கும், புரதம் செய்ய விடாம தடுக்குற மருந்து குடுத்துப் பாத்திருக்காங்க. புதுசா ஒன்னு கத்துக் குடுத்தா கொஞ்ச நேரத்துக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மறுநாள் இல்ல. இன்னும் இதுல தெரியாதது நெறைய இருக்குக்கா. எந்தப் புரதம், எப்படின்னெல்லாம் தேடிகிட்டுத்தான் இருக்காங்க."

"எலிக்கு ஞாபகம் போனா என்ன, அது யார்கிட்ட என்ன சொல்லிட்டு வந்துச்சாம்?" என்றேன். எனக்கு அவ்வளவு கோபம். அவர் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்கு அடி விழுந்த நேரத்துல, அன்னைக்கி நடந்ததெல்லாம் இன்னும் அந்த வேலை முடியாம பாதில இருந்திருக்கு. அடியும் வலிப்பும் சேந்து அதக் கலைச்சிருச்சி. ஓரத்துல கொஞ்சம் திரும்பலாம். எல்லாம் திரும்பாது."

நான் மேல்கூரைக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு இது புதிய சங்கதி இல்லை என்று தோன்றியது. நான் பதினாலு வருஷம் மரம் வெட்டியவள்.

"மங்குல பால் இருக்கும்போது மழை அடிச்சா, பால் கலங்கித் தண்ணியோட வழிஞ்சி கீழ போயிரும். ஸ்டோருக்குப் போயி, திராவகம் ஊத்தி, ஒறஞ்சி, ரப்பர் ஷீட்டாயிட்டா, அப்புறம் எந்த மழையும் ஒன்னும் பண்ணாது. அதானே நீங்க சொல்றது?"

கிராணி மகனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குப் புரிந்தது. "அதேதான்க்கா. நான் இவ்வளவு நல்லாச் சொல்லல" என்றார்.

"அப்ப காலைல நான் போட்ட சண்ட?"

"அது ஒறஞ்சிருச்சி."

"அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு மறந்து போச்சி."

"மறக்கலக்கா. மறக்குறதுக்கு உள்ள ஒன்னு இருக்கணுமே. அது உருவாகவே இல்ல."

அழுகை வந்தது. வாய்விட்டே கேட்டேன். "அப்ப சாகுற வரைக்கும் எனக்கு அந்த ஒரு வார்த்ததானா? நீ செத்துத் தொலன்னு சொன்னது மட்டும்தானா?" பக்கத்துப் படுக்கை மலாய்க்காரப் பாட்டி எழுந்து உட்கார்ந்து பார்த்தார். மல்லிகா சுவரோடு சுவராக நின்றாள்.

டாக்டர் போவதற்கு முன் சொன்னார், "தலைக்குள்ள தேடாதீங்க, அங்க கெடைக்கிறதெல்லாம் செவப்புச் சட்டதான். வெளிய ஏதாவது பொருள் இருந்தா, அதுதான் சாட்சி." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதை அந்த அறையில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு உடனே என் சுருக்குப்பை ஞாபகம் வந்தது. இடுப்பில் எப்போதும் ஒரு துணிப்பை செருகியிருப்பேன். வேலை நடுவில் அவர் வெற்றிலை கொடுத்தால், வாங்கி அதில்தான் வைப்பேன், கை கழுவிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று.

"மல்லிகா, என் துணிமணியெல்லாம் ஆஸ்பத்திரில குடுத்தாங்களா?"

"ஒரு பை இருக்கு அண்ணி. திரேசாக்கா வீட்டுல கெடக்கு. நான் தொறந்துகூடப் பாக்கல."

"சுருக்குப்பை இருக்கான்னு பாரு. இல்ல, நீ பாக்காத. நான் பாத்துக்கிறேன். அப்படியே கொண்டா."

"போறப்ப தாரேன் அண்ணி. நாளான்னைக்கித்தான் துண்டு வெட்டுறாங்களே."

துண்டு வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. அந்த இரண்டு நாளும் என் உயிர் அந்தப் பைக்குள்தான் இருந்தது. ஐந்து வாரம் ஆகியிருந்தது. வெற்றிலை இருந்தால் கருகிச் சருகாகியிருக்கும், பரவாயில்லை, கிராம்பாவது கிடக்கும். கிராம்பு கிடந்தால் போதும். வாங்கியிருக்கிறேன் என்று அர்த்தம். ஒன்றும் இல்லாவிட்டால்? வாங்கி அப்போதே தின்றிருக்கலாம். வாங்காமலும் போயிருக்கலாம். காலிப் பை எனக்கு எதையும் சொல்லாது. இதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தேன், டிரெசர் வந்து ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சத்தம் போட்டார்.

போகிற நாள் வந்தது. வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள், ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் விரல் நீட்டிச் சொன்னார். மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளி வாசல் வரை நடந்தேன். பீடோர் டாக்சிக்காகக் கொட்டகைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயிலில் கண் கூசியது. மல்லிகா ஒரு காகிதப் பையை என் மடியில் வைத்துவிட்டு, டாக்சி வருகிறதா என்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்சி அந்தப் பக்கத்திலிருந்து வராது என்று அவளுக்கும் தெரியும்.

உள்ளே வெட்டி எடுத்த என் ரவிக்கை, ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி இருந்தது. ஒரு சிலிப்பர். கைலி. அடியில் சுருக்குப்பை. அதன் மேலும் ரத்தம், கறுத்துப் போயிருந்தது. கயிற்றை அவிழ்க்க என் விரல் ஒத்துழைக்கவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

வெற்றிலை இருந்தது. மூன்று மூலையாக மடித்து, நடுவில் கிராம்பு குத்தி, அவர் மடிக்கிற மாதிரியே. மடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. எத்தனை வருஷம் அண்ணன் மடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்!

ஆனால் வெற்றிலை பச்சையாக இருந்தது. பாசாரிலிருந்து அன்று காலையில் வாங்கி வந்த பச்சை. கிள்ளிய காம்பில் ஈரம்கூடக் காயவில்லை.

அட மடச்சி, என்று மனதுக்குள் சொன்னேன். பை காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு நாளாக அந்தக் காலிப் பையை வைத்துக்கொண்டு அவள் என்ன பாடுபட்டாளோ. நான் வாழாவெட்டி என்று சொன்னதைக் காதால் கேட்டவள், தன் அண்ணனைச் சாகச் சொன்னதைக் கேட்டவள், அந்த அண்ணன் கையால் எனக்கு ஒரு சமாதானத்தைச் செய்து கொண்டு வந்து வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அதை ரோட்டில் வீசியிருப்பேன். என் கடைசிக் கதவையும் அவள் சாத்திவிட்டாள். இனிமேல் அந்தப் பையில் என்ன இருந்தது, இருந்ததா இல்லையா, கிராம்பின் ஒரு துணுக்காவது ஒட்டியிருந்ததா, எதுவும் தெரியப்போவதில்லை.

மல்லிகா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டேன். மென்றேன். சுண்ணாம்பை அப்பி வைத்திருந்தாள், நாக்கு வெந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பவில்லை. இந்த எட்டு வருஷத்தில் எனக்கு எவ்வளவோ மறந்துவிட்டது, ஆனால் அந்தக் காரமும் அந்த வெயிலும் அவளுடைய கழுத்தும் அப்படியே இருக்கின்றன. அது உறைந்துவிட்டது. டாக்டர் சொன்ன புரதமெல்லாம் இந்தப் பொய்க்காகத்தான் என் மூளையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறது.

அவள் திரும்பி என் சிவந்த வாயைப் பார்த்தாள்.

"இருந்துச்சா அண்ணி?"

"இருந்துச்சி. குடுத்திருக்காரு. நானும் வாங்கியிருக்கேன்," என்றேன். "ஒங்கண்ணன் கைதான் இது, எனக்குத் தெரியாதா? எப்பவும் இப்படித்தான், சுண்ணாம்ப அள்ளி வெச்சிருவாரு."

அவர் ஒரு நாளும் அப்படி வைத்ததில்லை.